இலைச்சுருளுக்குள் ஒரு வேட்டை

நட்டு முப்பது நாள் ஆன சம்பா வயல். தூர் கட்டும் பயிரில் அங்கங்கே சில இலைகள் நீளவாக்கில் சுருண்டு, பச்சை சுரண்டப்பட்டு, வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுந்து நிற்கின்றன. இலைச்சுருட்டுப் புழுவின் வேலை. வரப்பில் நிற்பவர் கண்ணுக்கு இந்த வெளுப்புதான் முதலில் படும். அன்று மாலையே மருந்துக் கடைக்குப் போய்விட்டு, மறுநாள் விடிந்ததும் ஸ்பிரேயரோடு இறங்குவது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. மருந்துக் கடைக்குப் போகும் முன் வயலுக்குள் இறங்கி, சுருண்ட இலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சிலவற்றில் பச்சைப் புழு நெளியும். சிலவற்றில் புழுவின் எச்சம் மட்டும் கிடக்கும். சிலவற்றில் புழு இருந்த இடத்தில் ஒரு சின்ன வண்டு இருக்கும்: செம்பழுப்பு உடல், கறுத்த தலை, முதுகில் நீலங்கலந்த கருப்புப் பட்டை, வேகமாக ஓடும் கால்கள்.

அதன் பெயர் ஓபியோனியா. தரை வண்டு இனத்தைச் சேர்ந்தது. பயிரில் ஏறி இறங்கி, சுருண்ட இலைகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைந்து புழுவைத் தேடித் தின்னும். ஒரு வண்டு ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து புழு வரை தின்னும் என்று, பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1987-ல் வெளியிட்ட 'நெல் விவசாயியின் நண்பர்கள்' என்ற கையேடு சொல்கிறது. இந்த வயலில் மருந்து அடித்தால் என்ன நடக்கும்? பட்டுக் கொல்லும் வகை மருந்தாக இருந்தால் சுருளின் வெளிப்பக்கத்தில் வழிந்து போகும். புழு உள்ளே இருக்கிறது. வண்டு சுருளுக்குச் சுருள் வெளியே நடக்கிறது. மருந்து முதலில் வண்டைத்தான் பிடிக்கும்.

புழுவைத் தின்னும் பூச்சிகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் ஒரு பெரிய பட்டியலே போடலாம். ஆனால் உழவரிடம் போய்ச் சேர வேண்டிய செய்தி ஒன்றே ஒன்றுதான். இந்த வேட்டைப் பூச்சிகளில் பெரும்பாலானவற்றை நாம் எங்கிருந்தும் கொண்டுவர வேண்டாம். வயலில் ஏற்கெனவே இருக்கின்றன. பயிரின் முதல் மாதத்தில், அவசரத்தில் அடிக்கும் முதல் மருந்துதான் அவற்றை அழிக்கிறது. அந்த முதல் மருந்தை மட்டும் நிறுத்திவைத்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும்.

சுருண்ட இலையைப் பார்த்ததும் பதறுவது இயல்புதான். உழைத்து வளர்த்த பயிர். ஆனாலும் இளம்பயிருக்கு இழப்பை ஈடுகட்டும் தெம்பு உண்டு. சில இலைகள் போனாலும் புது இலை விடும்; சில தூர்கள் போனாலும் புதிதாகத் தூர் கட்டும். தமிழ்நாட்டில் வேளாண் பல்கலைக்கழகம் வகுத்திருக்கும் பொருளாதாரச் சேதநிலையும் இதைத்தான் சொல்கிறது. வளர்ச்சிப் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை சேதமாகும்வரை இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து தேவையில்லை. பூக்கும் பருவத்தில், கதிரை ஒட்டியுள்ள கடைசி இலையான கண்ணாடி இலை நூற்றுக்கு ஐந்து சேதமானால்தான் கவலைப்பட வேண்டும். கதிருக்குப் பால் ஊட்டுவதில் கண்ணாடி இலைக்குப் பெரும் பங்கு உண்டு என்பதால் அந்தக் கட்டத்தில் அளவு இறங்குகிறது. முப்பதாம் நாளில் தெரியும் வெண்கோடுகளில் பெரும்பகுதி விளைச்சலைத் தொடுவதே இல்லை. யூரியாவை அள்ளிப் போட்ட வயலிலும் மரநிழல் விழும் மூலையிலும்தான் இந்தப் புழு கூடுதலாகத் தெரியும். அங்கே சரிசெய்ய வேண்டியது உரத்தின் அளவை. அதற்கு மருந்துக் கடையில் வழியில்லை.

முட்டையிலேயே முடிகிற கதை

புழுவாக வெளிவருவதற்கு முன்பே பெரும்பாலான கணக்கு தீர்ந்துவிடுகிறது. நீண்ட மீசையுள்ள பச்சை வெட்டுக்கிளி ஒன்று நெல் வயலில் உண்டு. அது இலையைக் கொஞ்சம் கடிக்கவும் செய்யும் என்பதால் பகைவன் என்று நினைத்து அடிப்பவர்கள் உண்டு. குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல்தான் அதற்கு விருப்பமான தீனி. ஒரு நாளில் மூன்று, நான்கு குவியலைக் காலி செய்துவிடும். ஒரு குவியலில் ஐம்பதிலிருந்து நூறு முட்டைக்கு மேல் இருக்கும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். வாள் வால் போன்ற முட்டைக்குழலுடன் இலைகளுக்கு இடையில் தாவும் சிறு சிள்வண்டுகள் இலைச்சுருட்டுப் புழுவின் முட்டைகளைப் பொறுக்கித் தின்கின்றன.

தண்டைத் துளைக்கும் மஞ்சள் குருத்துப்பூச்சி முட்டையிட்டதும் தன் வால்நுனி மயிரைக் கொண்டு குவியலை மூடிவிடும். பழுப்பு நிறப் பஞ்சு ஒட்டியதுபோல இலை நுனியில் தெரிவது அதுதான். மூடிய பிறகு உள்ளே புகுவது எதிரிக்குச் சிரமம். அதற்கு டெலினோமஸ் என்ற குறுங்குளவி ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறது. கறுப்பு நிறம், கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் அளவு. தாய் அந்துப்பூச்சியைத் தேடிப் பிடித்து அதன் வால்மயிரைப் பற்றிக்கொண்டு கூடவே பயணம் போகும். அந்துப்பூச்சி முட்டையிடத் தொடங்கும் நொடியில் இறங்கி, மயிர் மூடும் முன்பே ஒவ்வொரு முட்டைக்குள்ளும் தன் முட்டையைச் செருகிவிடும். பிறகு அந்தக் குவியலிலிருந்து வெளிவருவது குளவிகள். டெட்ராஸ்டிகஸ் என்ற இன்னொரு குளவிக்குக் குவியல் மூடியிருந்தாலும் பரவாயில்லை. அதன் குஞ்சு ஒரே முட்டையோடு நிற்பதில்லை. பக்கத்து முட்டைகளையும் தின்று தீர்த்துத்தான் கூட்டுப்புழுவாகும்.

இதனால்தான் நாற்றங்காலில் முட்டைக் குவியலைக் கிள்ளி எடுத்ததும் காலில் போட்டு மிதிக்கக் கூடாது. அதற்குள் இருப்பது பகையா நட்பா என்று வெளியிலிருந்து தெரியாது. மூங்கில் கூண்டில் அவற்றைப் போட்டு வயலில் நட்டுவைப்பது நல்ல பழக்கம். குளவி பொரிந்தால் இடுக்கு வழியாகப் பறந்து வயலுக்குத் திரும்பிவிடும். புழு பொரிந்தால் பறக்க முடியாமல் அங்கேயே பசியில் சாகும். கூண்டின் உச்சியில் ஒரு குச்சியைக் குறுக்காகக் கட்டிவிட்டால் கரிச்சான் வந்து உட்கார்ந்து மிச்ச வேலையையும் பார்க்கும். செலவில்லாத இந்த ஏற்பாடு பயிற்சிக் கையேடுகளில் இருக்கிறது. வயல்களில் காண்பதுதான் அரிதாகிவிட்டது.

பகை வருமுன் பசி

வேட்டைப் பூச்சிகளைப் பற்றி ஒரு நியாயமான கேள்வி உண்டு. பயிரில் புழு இல்லாத முதல் வாரங்களில் இவை எதைத் தின்று உயிர் வாழ்கின்றன? புழு வந்த பிறகுதான் இவை பெருகும் என்றால், எப்போதும் ஒரு அடி பின்னால்தானே இருக்கும்?

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் நெல் வயல்களை ஆராய்ந்த வில்லியம் செட்டில் குழுவினர் 1996-ல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு விடை இருக்கிறது. தண்ணீர் கட்டிய வயலில் மட்கும் இலைதழையைத் தின்று, பயிருக்கு ஒரு கெடுதலும் செய்யாத கொசு போன்ற சிறு ஈக்களும் நீர்வாழ் சிற்றுயிர்களும் பெருங்கூட்டமாக உண்டாகின்றன. பயிரின் தொடக்க நாட்களில் சிலந்திகளும் வண்டுகளும் இவற்றைத் தின்று பெருகிவிடுகின்றன. பகைப்பூச்சி வந்து சேரும்போது அதை எதிர்கொள்ள ஆட்கள் தயாராக இருக்கிறார்கள். வயலில் தொழு உரமும் தழை உரமும் கூடுதலாக இருந்த இடங்களில் இந்தச் சிற்றுயிர்களும் கூடுதல், வேட்டைப் பூச்சிகளும் கூடுதல். கொழிஞ்சியும் தக்கைப்பூண்டும் மடக்கி உழுத நம் முன்னோர் மண்ணுக்குத்தான் போட்டார்கள். அதே தழை வண்டுகளுக்கும் சோறு போட்டிருக்கிறது.

இப்போது அந்த முதல் மருந்தின் கொடுமை புரியும். நட்டு இருபதாம் நாளில் அடிக்கும் மருந்து, வண்டையும் சிலந்தியையும் கொல்வதோடு அவற்றின் இரையையும் சேர்த்துக் கொல்கிறது. அடுத்து பறந்து வரும் அந்துப்பூச்சிக்கு வயல் திறந்து கிடக்கிறது. அது முட்டையிட, தின்ன ஆளில்லை. இரண்டாம் மருந்து தேவைப்படுகிறது. அதன் பின் மூன்றாவது. முதல் மருந்தை அடித்தவருக்கு, 'நல்லவேளை அடித்தோம், இல்லாவிட்டால் இன்னும் மோசமாகியிருக்கும்' என்றே தோன்றும். அவரைக் குறை சொல்ல முடியாது. மருந்தடிக்காத வயல் ஒன்று ஒப்பிட்டுப் பார்க்க ஊரில் இருந்தால்தானே உண்மை தெரியும்.

வியட்நாமின் மெக்கோங் கழிமுகத்தில் அந்த ஒப்பீட்டுக்குத்தான் வழி செய்தார்கள். நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூச்சியியலாளர் கே.எல்.ஹியோங், தகவல் தொடர்பு வல்லுநர் மோனினா எஸ்கலாடா இருவரும் உள்ளூர் அலுவலர்களோடு சேர்ந்து விவசாயிகளிடம் ஒரு எளிய சவாலை வைத்தார்கள். உங்கள் வயலின் ஒரு பகுதியில் மட்டும், விதைத்த முதல் 40 நாள் இலைதின்னும் புழுவுக்கு மருந்தடிக்காதீர்கள். விளைச்சலை நீங்களே அளந்து பாருங்கள். அளந்தார்கள். குறையவில்லை. 1994-ல் லாங் ஆன் மாகாணத்தில் துண்டறிக்கை, சுவரொட்டி, வானொலி நாடகம் என்று இந்தச் செய்தி பரப்பப்பட்டது. பிறகு கழிமுகம் முழுக்கப் போனது. மருந்தடிக்கும் தடவைகள் பாதியளவுக்குக் குறைந்தன. நடவு வயலுக்கு இந்தக் கணக்கை முதல் 30 நாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் ஊரிலும் உழவர் வயல்வெளிப் பள்ளி என்ற பெயரில் இதற்கு நெருக்கமான முறை ஒன்று இருக்கிறது. 1989-ல் இந்தோனேசியாவில் தொடங்கிய முறை அது. வாரம் ஒரு நாள் வயலில் கூடி, பயிரையும் அதிலுள்ள பகைப்பூச்சி, நன்மை செய்யும் பூச்சிகளையும் எண்ணி, பெரிய தாளில் வரைந்து, மருந்து வேண்டுமா என்று கூடிப் பேசி முடிவெடுப்பார்கள். கண்ணாடிப் புட்டியில் ஒரு புழுவையும் ஒரு வண்டையும் சேர்த்து விட்டுக் காத்திருப்பார்கள். கத்தரிக்கோலால் இளம்பயிரின் இலையைத் தாங்களே வெட்டிவிட்டு, அறுவடையில் எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பார்கள். இதைவிட நேர்மையான பாடம் எந்த வகுப்பறையிலும் கிடையாது. ஒருமுறை தன் கையால் வெட்டிப் பார்த்தவர், அதன் பிறகு வெண்கோட்டைப் பார்த்துப் பதறமாட்டார்.

குளவி கொட்டினால் புழு என்ன ஆகும்?

வீட்டுச் சுவரிலும் சன்னல் மூலையிலும் குளவி மண்கூடு கட்டினால் அதைத் தட்டிவிடக் கூடாது என்பார்கள் பாட்டிமார். வீட்டில் பிள்ளை பிறக்கப்போகிறது என்பதற்கு அறிகுறி அது. இன்னொரு பழைய நம்பிக்கையும் உண்டு. குளவி ஒரு புழுவைத் தூக்கி வந்து கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டே இருக்கும், புழு குளவியையே நினைத்து நினைத்துக் கடைசியில் குளவியாகிவிடும் என்பது அது. குருவையே எண்ணும் சீடன் குருவாவதற்கு இதை உவமை காட்டி நம் ஆன்மிக மரபு காலங்காலமாகப் பேசிவந்திருக்கிறது.

அந்த நம்பிக்கை உருவானதற்குக் காரணமான கவனிப்பு மிகத் துல்லியமானது. குளவி புழுவைத் தூக்கிவந்தது உண்மை. கொட்டியது உண்மை. சில நாளில் அதே கூட்டிலிருந்து புதுக் குளவி வெளிவந்ததும் உண்மை. நடுவில் ஒரு முட்டை இருந்தது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். குயவன் குளவி குறுகிய கழுத்துள்ள மண்குடம் கட்டி, அதில் ஒரு முட்டையிட்டு, பயிரிலிருந்து பச்சைப் புழுக்களைப் பிடித்து உள்ளே அடுக்கி வாயை மூடிவிடுகிறது. கொட்டுவது கொல்வதற்கு இல்லை, அசையாமல் கிடக்க. புழு உயிரோடு இருந்தால்தான் அழுகாது. முட்டையிலிருந்து வரும் குளவிக் குஞ்சுக்குக் கெடாத உணவு கிடைக்கும்.

இதைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர் பிரான்ஸைச் சேர்ந்த ழான் ஆன்ரி ஃபாப்ர். மண்ணில் வளை தோண்டும் அம்மோஃபிலா குளவி, செடியின் அடித்தண்டை வெட்டும் புழுவை வெளியே இழுத்து, அதன் உடல் கண்ணிகளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கொட்டுவதை அவர் விவரித்தார். ஒவ்வொரு கண்ணியிலும் நரம்பு முடிச்சு உண்டு. கொடுக்கு அங்கேதான் இறங்குகிறது. ஒரு குடத்துக்குப் பல புழு, ஒரு தாய்க்குப் பல குடம் என்றால், வீட்டுச் சுவரில் இருக்கும் அந்த மண்ணுருண்டை பக்கத்துத் தோட்டத்துக்குச் செய்யும் உதவி சின்னதில்லை. குழவி பிறக்கும் என்று நம்பியாவது அதைக் காப்பாற்றிய பாட்டிமாருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

கூடு கட்டாமல் புழுவின் உடலையே கூடாக்கிக்கொள்ளும் குளவிகளும் இருக்கின்றன. முட்டைக்கோசிலும் பருத்தியிலும் சில புழுக்களின் முதுகில் வெள்ளை அரிசி மணிகளை ஒட்டியதுபோலத் தெரியும். புழுவின் முட்டை என்று நினைத்து நசுக்குபவர்கள் இன்றும் உண்டு. 1602-ல் இத்தாலிய இயற்கையியலாளர் அல்ட்ரோவாந்தியும் அவற்றை முட்டை என்றே கருதினார். கோட்டீசியா என்ற குளவியின் கூட்டுப்புழுக் கூடுகள் அவை. தாய்க்குளவி இளம்புழுவின் உடலுக்குள் முட்டைகளைச் செலுத்துகிறது. கூடவே ஒரு வைரஸையும் செலுத்துகிறது. புழுவின் நோய் எதிர்ப்பாற்றலை அந்த வைரஸ் முடக்குவதால்தான் முட்டைகள் பிழைக்கின்றன. அந்த வைரஸின் மரபுக்கூறுகள் ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே குளவியின் மரபணுத்தொகுதியில் கலந்துவிட்டவை. குளவியின் உடலே அதைத் தயாரிக்கிறது. நாம் இருபது நிமிடத்தில் தெளித்து முடிக்கும் மருந்து, இப்படி ஒரு ஏற்பாட்டைத்தான் கலைக்கிறது.

தென்னையில் கருந்தலைப் புழுவைத் தாக்கும் கோனியோசஸ் என்ற குளவியையும் சொல்ல வேண்டும். ஓலையின் அடியில் நூலும் எச்சமும் சேர்த்துப் புழு கட்டிய குகைக்குள் இது நுழையும். புழுவைக் கொட்டி முடக்கி, அதன் மேல் முட்டையிட்டுவிட்டுப் பறந்துவிடாது. குஞ்சுகள் கூட்டுப்புழுவாகும்வரை அருகிலேயே காவல் இருக்கும். வேளாண் துறை இதை வளர்த்துத் தோப்புகளில் விடுகிறது. உயரமான மரத்தில் ஸ்பிரேயர் எட்டாது என்பதும் தென்னை விவசாயி இதை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு காரணம்.

மக்காச்சோளம் அனுப்பும் வாசனை

2018 மே மாதம் கர்நாடகத்தில் ஒரு புதிய புழு கண்டறியப்பட்டது. அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளைச் சேர்ந்த படைப்புழு அது. 2016-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் கால் வைத்து, இரண்டே ஆண்டில் இங்கு வந்து, அதே ஆண்டில் தமிழ்நாட்டின் மக்காச்சோளக் காடுகளிலும் இலங்கையிலும் பரவிவிட்டது. நெற்றியில் தலைகீழான 'ஒய்' வடிவக் கோடு, வால்பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளி. குருத்துக்குள் இறங்கித் தின்று, மரத்தூள் போன்ற எச்சத்தால் மேலே அடைத்துக்கொள்ளும். மேலோட்டமாக அடிக்கும் மருந்து அங்கே எட்டுவதில்லை. அந்த முதல் ஆண்டு பெரம்பலூர் முதல் விருதுநகர் வரை மானாவாரி விவசாயிகள் பட்ட பாட்டை மறக்க முடியாது.

வேற்று மண்ணிலிருந்து வந்த புழு தன் எதிரிகளை அங்கேயே விட்டுவிட்டு வருகிறது. தொடக்கத்தில் அது தலைவிரித்தாடுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் கர்நாடகத்தில் அந்த முதல் பருவத்திலேயே ஆய்வாளர்கள் புழுக்களைச் சேகரித்து வளர்த்துப் பார்த்தபோது, உள்ளூர்க் குளவிகள் அவற்றிலிருந்து வெளிவந்தன. கொண்டைக்கடலையில் பச்சைக் காய்ப்புழுவைத் தாக்கிப் பழகிய கேம்போலெடிஸ் குளவி அவற்றில் ஒன்று. முட்டையைத் தாக்கும் டிரைக்கோகிரம்மாவும் டெலினோமஸும் இருந்தன. பின்பக்கம் இடுக்கிபோல வாலுள்ள இடுக்கிவால் பூச்சி குருத்துக்குள் புகுந்து இளம்புழுவைத் தின்றது. புதிதாக வந்த விருந்தாளியை நம் மண்ணின் பூச்சிகள் உடனே அடையாளம் கண்டுகொண்டன.

எப்படிக் கண்டுகொண்டன என்பதற்கு ஒரு பகுதி விடை 1990-ல் கிடைத்தது. டெட் டர்லிங்ஸ், ஜேம்ஸ் டம்லின்சன், ஜோ லூயிஸ் என்ற மூவர் அமெரிக்காவில் மக்காச்சோள நாற்றுகளை வைத்துச் செய்த சோதனை அது. புழு கடித்த நாற்று சில மணி நேரத்தில் தனி வாசனைக் கலவை ஒன்றைக் காற்றில் விட்டது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு கோட்டீசியா இனக் குளவி தேடி வந்தது. இலையை வெறுமனே கீறினால் அந்த அளவு வாசனை வரவில்லை. கீறிய இடத்தில் புழுவின் வாய்நீரைத் தடவினால் வந்தது. 1997-ல் அந்த வாய்நீரில் உள்ள பொருளையும் பிரித்தெடுத்து 'வோலிசிட்டின்' என்று பெயரிட்டார்கள். கடிப்பது புழுவா, காற்றில் உரசிய கீறலா என்பதைச் செடி அறிகிறது. அறிந்து, புழுவின் எதிரியை அழைக்கிறது. அழைப்பை ஏற்று வரும் குளவி வயலில் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவே நம் பொறுப்பு.

படைப்புழுவின் முட்டைகள் அடுக்கடுக்காக, மேலே செதில் போர்த்தி இருக்கும். டிரைக்கோகிரம்மாவுக்கு அடி அடுக்கை எட்டுவது சிரமம். டெலினோமஸ் ரீமஸ் என்ற இனம் செதிலைக் கடந்து அடி அடுக்கு வரை போகும். ஒரு தாய்க்குளவி தன் வாழ்நாளில் இருநூறு முட்டைக்கு மேல் அழிக்க வல்லது. வெனிசுவேலாவில் மக்காச்சோளத்துக்கு இதை வளர்த்து விட்டிருக்கிறார்கள். இந்தியாவிலும் இது படைப்புழு முட்டையில் காணப்பட்டிருக்கிறது.

இங்கே ஒரு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். புழுவின் மேல் முட்டையிட்டு அதை உள்ளிருந்து தின்னும் ஈக்களும் உண்டு. மக்காச்சோள விவசாயிக்கு அவை உதவி. ஆனால் அதே குடும்பத்து ஊசி ஈ, 1980-ல் கர்நாடகத்துக்குள் வந்ததிலிருந்து பட்டுப்புழு வளர்ப்பவர்களின் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஓசூர், தருமபுரிப் பக்கம் பட்டு வளர்ப்பு மனைகளில் சன்னலுக்கெல்லாம் வலை அடித்திருப்பது அதற்காகத்தான். பட்டுப்புழுவும் ஒரு புழுதானே. பூச்சிக்கு நல்லது கெட்டது என்று நாம் வைத்த பெயர் நம் பயிரைப் பொறுத்தது.

அட்டையில் வரும் குளவிகள்

வயலில் இருப்பது போதாதபோது வெளியிலிருந்து விடலாம். டிரைக்கோகிரம்மா அட்டையைக் கரும்பு விவசாயிகள் நன்றாக அறிவார்கள். ஏறக்குறைய அரை மில்லிமீட்டரே உள்ள குளவி. ஆய்வகங்களில் உடைத்த கம்பில் அரிசி அந்துப்பூச்சியை வளர்த்து, அதன் முட்டைகளைச் சலித்துச் சுத்தம் செய்து, பொரியாமல் இருக்கப் புற ஊதா விளக்கில் காட்டி, அட்டையில் பசை தடவி ஒட்டுகிறார்கள். அந்த முட்டைகளுக்குள் குளவிகள் முட்டையிடுகின்றன. சில நாளில் முட்டைகள் கறுத்துவிடும். கறுத்திருந்தால் உள்ளே குளவி இருக்கிறது. ஒரு சிசி (கன சென்டிமீட்டர்) அளவு முட்டை ஒட்டிய அட்டையில் 16,000-க்கு மேல் முட்டைகள். கரும்பில் இடைக்கணுப் புழுவுக்கு, நான்காம் மாதத்திலிருந்து 15 நாளுக்கு ஒருமுறை, எக்டருக்கு 2.5 சிசி வீதம் ஆறு முறை கட்டச் சொல்கிறது பரிந்துரை. நெல்லில் குருத்துப்பூச்சிக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் எக்டருக்கு 5 சிசி. நட்ட 30-ஆம் நாளில் தொடங்க வேண்டும்.

அட்டையைத் துண்டுகளாக வெட்டி, இலையின் அடிப்பக்கம் காலையிலோ மாலையிலோ குத்திவிட வேண்டும். வெயிலில் காயவிடக் கூடாது. எறும்பு ஏறாத இடம் பார்க்க வேண்டும். கட்டுவதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரமாவது மருந்து ஆகாது. இவ்வளவு சரியாகச் செய்தும் பலன் இல்லை என்று சொல்லும் விவசாயிகள் பலர். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. முட்டை ஒட்டுண்ணி முட்டையைத்தான் தாக்கும்; புழு பொரிந்து தண்டுக்குள் போன பிறகு அட்டை கட்டி ஒரு பயனும் இல்லை. அட்டை கைக்கு வருவதற்குள் குளவிகள் பொரிந்து வழியிலேயே செத்துவிடுவதும் உண்டு. ஒரு வாரம் தாமதமானாலும் வேலைக்கு ஆகாத இந்த உயிர்ச்சரக்கை, மூட்டை உரம் அனுப்பும் வேகத்தில் அனுப்பினால் குற்றம் குளவியுடையது இல்லை. ஒவ்வொரு வட்டத்திலும், விவசாயி காலையில் போய் மதியத்துக்குள் வயலுக்குத் திரும்பும் தூரத்தில், அட்டை தயாரிக்கும் இடம் வேண்டும். செலவு பெரிதில்லை, கம்பும் பசையும் பயிற்சி பெற்ற கைகளும் போதும், மகளிர் குழுக்களே செய்துவிடலாம்.

விட்ட குளவிக்கும் இருக்கும் குளவிக்கும் புழு மட்டும் போதாது. வளர்ந்த குளவியின் சாப்பாடு தேன். பூ இல்லாத வயலில் அது சில நாளில் செத்துவிடும். தாய்லாந்து, சீனா, வியட்நாம் மூன்று நாடுகளில் நான்கு ஆண்டுகள் நெல் வரப்புகளில் எள் போன்ற தேன் தரும் செடிகளை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2016-ல் வெளியானது. மருந்துத் தெளிப்பு 70 சதவீதம் குறைந்தது. விளைச்சல் 5 சதவீதம் கூடியது. நம் காவிரி டெல்டாவில் எள் புதிய பயிரா என்ன? நெல்லுக்குப் பின் தரிசில் விதைத்த பயிர்தான். அதையே வரப்பில் ஒரு வரிசை விதைத்தால் போதும். மக்காச்சோளத்தைச் சுற்றி தட்டைப்பயறு, எள், துவரை, சூரியகாந்தி என்று வேளாண் பல்கலைக்கழகமும் சொல்கிறது. வரப்புப் புல்லைக் களைக்கொல்லி அடித்துச் சுட்டெரிக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். தரை வண்டு பகலில் ஒதுங்கும் இடம் அந்தப் புல்தான்.

இந்தப் பூச்சிகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும், மருந்தே வேண்டாம் என்று சொல்வது விவசாயியை ஏமாற்றுவதாகும். புழு வெள்ளமாக வரும் ஆண்டுகள் உண்டு. சேதநிலையைத் தாண்டினால் தலையிடத்தான் வேண்டும். அப்போதும் தேவைப்பட்ட பகுதிக்கு மட்டும், புழுவை மட்டும் தாக்கும் மருந்தாகப் பார்த்து அடிக்கலாம். கண்மூடி அடித்தால் என்ன ஆகும் என்பதை முட்டைக்கோசின் வைரமுதுகு அந்துப்பூச்சி காட்டிவிட்டது. 1953-லேயே ஜாவாவில் அது டி.டி.டி.க்குப் பழகிவிட்டது, அதற்குப் பின் வந்த மருந்துகளுக்கும் ஒவ்வொன்றாகப் பழகியது. நீலகிரியின் குளிரில் அதை இன்றும் தேடித் தாக்குவது டயடெக்மா என்ற குளவி; சமவெளியின் வெப்பத்தில் அந்த வேலையைக் கோட்டீசியா செய்கிறது. இவற்றுக்குப் பழகிக்கொண்ட புழு அங்கே தலையெடுக்கவில்லை. இப்போது டிரோன்கள் வருகின்றன. ஒரு ஏக்கரைச் சில நிமிடத்தில் முடிக்கும் வேகம் கூலித் தட்டுப்பாட்டுக்கு ஆறுதல்தான். ஆனால் ஊர் முழுக்க ஒரே நாளில், யாரும் வயலில் இறங்கிப் பார்க்காமலே அடித்து முடிக்கும் வசதியாக அது மாறினால், வேட்டைப் பூச்சி ஒதுங்க அடுத்த வயல்கூட மிஞ்சாது.

வயலில் இறங்கிப் பார்ப்பவர்கள் யார் என்ற கேள்வி இங்கே வருகிறது. நட்ட பதினைந்து நாளில் முதல் களை, ஒரு மாதத்தில் இரண்டாம் களை. களைக்கொல்லி வந்த பிறகு ஆள் குறைந்திருந்தாலும், அந்த முதல் மாதத்தில் குனிந்து, ஒவ்வொரு குத்தையும் கையால் ஒதுக்கிப் பார்ப்பவர்கள் களையெடுக்கும் பெண்கள்தான். சுருண்ட இலையை முதலில் பார்ப்பதும் அவர்களே. பூச்சி மேலாண்மைப் பயிற்சிக்கான அழைப்போ பட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குப் போகிறது. ஒவ்வொரு ஊரிலும் களையெடுக்கும் குழுவில் நான்கு பேரை வயல்வெளிப் பள்ளியில் உட்கார வைக்கலாம். ஓபியோனியாவையும் கோட்டீசியாக் கூட்டையும் கறுத்த முட்டையையும் அவர்களுக்கு அடையாளம் காட்டலாம். களை நாளில் ஏக்கருக்கு அரை மணி நேரம், நூறு இலை எண்ணி, எத்தனை சுருள், அதில் எத்தனை காலி, எத்தனை வண்டு என்று சொல்வதற்குத் தனிக் கூலி கொடுக்கலாம். ஒருமுறை மருந்தடிக்க ஆகும் செலவில் அது சிறு பங்குதான்.